எண்பது வருடத்துக் கான்கிரீட்டைத் தோண்டத் தொல்லியல் எதற்கு?

நண்பர் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும்: இங்கிலாந்தின் இடைக்காலக் கோட்டைகளில் இரண்டாம் உலகப்போரின்போது வெட்டிய பதுங்குகுழிகளையும் கான்கிரீட் அரண்களையும் அகழாய்வு செய்கிறார்களாம், எண்பது வருடத்துச் சமாச்சாரத்துக்கு அகழாய்வு எதற்கு, ராணுவத்திடம் வரைபடம் இருக்காதா, பேசாமல் கான்கிரீட்டை இடித்துவிட்டு அசல் கோட்டையைக் காட்டினால் என்ன? பார்க்க மூன்று கேள்விகள். ஆனால் மூன்றுக்கும் அடியில் ஒரே சந்தேகம்தான் இருக்கிறது. ஒரு கோட்டையில் எந்த வருடத்து வேலையை ‘அசல்’ என்று எடுத்துக்கொள்வது, எதை ஒட்டுவேலை என்று ஒதுக்குவது? அதற்குப் பதில் சொன்னால் மற்றவையும் வழியிலேயே தீர்ந்துவிடும்.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது தொல்லியல். தென் இங்கிலாந்தில் ஒப்பந்த அகழாய்வுகளில் பல வருடம் வேலை பார்த்தவன். கை பழகியது இடைக்கால மண்ணிலும் பானை ஓட்டிலும்தான். உலகப்போர்ச் சின்னங்களை நான் தேடிப் போகவில்லை. வேறு எதையோ தேடித் தோண்டும்போது அவை வந்து குறுக்கே நிற்கும். ஆயுதங்களைப் பற்றிச் சொல்வதெல்லாம் அந்தத் துறைக்காரர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டது. உதாரணத்துக்கு சசெக்ஸ் கரையிலுள்ள பெவன்சி கோட்டையை எடுத்துக்கொள்கிறேன். நான் அங்கே தோண்டியதில்லை, ஆனால் பலமுறை சுற்றிப் பார்த்த இடம், அதன் அகழாய்வு அறிக்கைகளையும் படித்திருக்கிறேன். மண்ணைப் பற்றிப் பின்னால் சொல்வது மற்ற இடங்களின் அனுபவம்.

பெவன்சியை ‘இடைக்காலக் கோட்டை’ என்று சொல்வதிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. வெளிமதில் ரோமானியர்கள் கட்டியது. அதன் அடித்தளத்தில் அடித்திருந்த ஓக் மரக் கம்புகளின் வளையங்களை எண்ணிப் பார்த்ததில் அவை கி.பி. 280-க்கும் 300-க்கும் இடையில் வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. 491-இல் சாக்சன்கள் உள்ளே புகுந்து அங்கிருந்த பிரித்தானியர்கள் அத்தனை பேரையும் வெட்டினார்கள் என்று ஆங்கிலோ சாக்சன் குறிப்பேடு சொல்கிறது. 1066 செப்டம்பர் 28 அன்று நார்மண்டி வில்லியம் வந்து இறங்கியது இங்கேதான். இறங்கியவன் பாழடைந்த ரோமானிய மதிலைத் தன் படைக்கு வேலியாக்கிக்கொண்டான். அதன் ஒரு மூலையில் பின்னால் எழுந்ததுதான் அகழி சூழ்ந்த உள்கோட்டை. 1088, 1147, 1264 என்று வரிசையாக முற்றுகைகள். அப்புறம் கடல் பின்வாங்கியது, கோட்டை பாழானது. ஆனால் 1580-களில் ஸ்பானியக் கடற்படை வரும் என்ற பயத்தில் இடிபாட்டின் நடுவே மண்மேடு போட்டு இரண்டு பீரங்கிகளை நிறுத்தினார்கள். அதில் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. ஆயிரத்து முன்னூறு வருடத்தில் ஐந்தாறு முறை, யாரோ ஒருவர் அங்கே போய் ‘இந்தச் சுவர் நமக்கு உதவுமா’ என்று பார்த்திருக்கிறார். 1940 அந்த வரிசையில் கடைசி முறை. அவ்வளவுதான்.

1940 கோடையில் என்ன நிலைமை என்பதைச் சொன்னால்தான் அந்தக் கட்டுமானங்கள் புரியும். பிரான்சின் டன்கிர்க் கரையில் சிக்கிய படையைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த டன்கிர்க் மீட்பு ஜூன் 4-ஆம் தேதியோடு முடிந்தது. ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள். சுமார் 2,500 பீரங்கிகளும் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகளும் பிரான்சில் கிடந்தன. உள்நாட்டுப் படைகளின் தளபதி அயன்சைடு கையில் இருந்தது சிமெண்டும், செங்கல்லும், உள்ளூர் ஒப்பந்தக்காரர்களும்தான். கரையோரமும் உள்நாட்டுத் தடுப்புக் கோடுகளிலும் மளமளவென்று பில்பாக்ஸ்கள் எழுந்தன. சுடுவதற்கு நீளத் துளை விட்ட, கனத்த சுவருள்ள சின்னக் கான்கிரீட் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடு முழுக்க மொத்தம் எத்தனை கட்டினார்கள் என்பதிலேயே 18,000 என்றும் 28,000 என்றும் இரண்டு கணக்குகள் உலவுகின்றன. ஜெர்மனியர்கள் தரையிறங்கத் திட்டமிட்ட கரைகளில் பெவன்சி வளைகுடாவும் ஒன்று. எனவே கரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் போல உள்ளே, மேட்டில் நிற்கும் பழைய மதில் மறுபடி ராணுவத்தின் கண்ணில் பட்டதில் ஆச்சரியம் இல்லை. 1940 மே மாதத்திலிருந்து 1944 வரை அங்கே ஆள் இருந்தது. பிரிட்டிஷ் படை, ஹோம் கார்டு என்ற உள்ளூர் தொண்டர் படை, கனடியர்கள், கடைசியில் அமெரிக்க விமானப்படையினர் என்று மாறி மாறி வந்தார்கள்.

அவர்கள் செய்த வேலையை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். உள்கோட்டையின் தலைமைக் கோபுரமான மூலக் கோபுரம் சரிந்து கல்குவியலாகக் கிடக்கும் இடத்திலும், ரோமானிய மதிலின் மேலும் இயந்திரத் துப்பாக்கி அறைகளை வைத்தார்கள். கான்கிரீட்டை வெளியே தெரியவிடாமல், அங்கேயே உதிர்ந்து கிடந்த பழைய கல்லையும் சக்கைக்கல்லையும் முகப்பில் பதித்து, மேல் விளிம்பை இடிந்த சுவர் போலவே மேடுபள்ளமாக விட்டார்கள். முப்பது அடி தள்ளி நின்றால் இடிபாடுதான் தெரியும். காட்டிக்கொடுப்பது ஒரே விஷயம். அந்தக் கல்குவியலில் ஓரிடத்தில் மட்டும் கிடைமட்டமாக, நூல் பிடித்தது போல நேரான ஒரு கறுப்புப் பிளவு இருக்கும். இயற்கையாகச் சரிந்த சுவரில் அப்படி ஒரு கோடு வராது. கிட்டப் போய் கல்லுக்கு இடையிலுள்ள காரையைப் பாருங்கள். இடைக்காலச் சுண்ணாம்புக் காரை மஞ்சளும் பழுப்புமாக இருக்கும், வேகாத சுண்ணாம்புக் கட்டிகள் வெள்ளைப் பொட்டாகத் தெரியும், கரணை நுனியால் சுரண்டினால் பொடியும். 1940-இன் போர்ட்லண்டு சிமெண்ட் சாம்பல் நிறம், கரணை பட்டால் ‘டிங்’ என்று பதில் சொல்லும். எதிரி விமானியை ஏமாற்றச் செய்த மாறுவேடம் இன்று சுற்றுலாப் பயணியை ஏமாற்றுகிறது, நேரம் சரியில்லை என்றால் எங்களையும். உள்கோட்டையின் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோபுரங்களுக்குள் செங்கல் வைத்து, தளம் போட்டு, படுத்துறங்கும் அறைகளாக்கியதையும் இன்று பார்க்கலாம்.

சரி, ராணுவத்திடம் வரைபடம் இருக்காதா? இருக்கிறது, போதாது. லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 166 என்ற வரிசையில் உள்நாட்டுப் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன. எந்தப் பிரிவு எந்த வாரம் எங்கே இருந்தது என்பதற்கு அவை பொன்னானவை. ஆனால் எழுதியவர் களைத்துப்போன ஓர் இளநிலை அதிகாரி. ‘காவல் நிலைகள் தோண்டும் பணி தொடர்ந்தது’ என்ற ஒரு வரியோடு ஒரு வாரம் முடிந்துவிடும். தோண்டியது எங்கே, எத்தனை அடி, எதை வெட்டிக்கொண்டு போனது என்று இருக்காது. பில்பாக்ஸ்களுக்கு எஃப்.டபிள்யூ.3 என்ற போர் அலுவலகப் பிரிவு நிலையான வரைபடங்களை அனுப்பியது உண்மை. ஆனால் கோட்டை இடிபாட்டுக்குள் கட்டும்போது அந்த வரைபடம் உதவாது, மேஸ்திரி அங்கேயே பார்த்து முடிவு செய்ததுதான். போர்க்காலத்திலும் போர் முடிந்த கையோடும் விமானத்திலிருந்து எடுத்த படங்கள் இன்னொரு நல்ல ஆதாரம். வெட்டிப்போட்ட மண் வெள்ளையாகத் தெரியும், முள்கம்பி வேலியின் அடியில் புல் வேறு நிறத்தில் தெரியும். ஆனால் 1940 ஜூலையில் தோண்டி 1941 வசந்தத்தில் மூடிய குழி 1946 படத்தில் இருக்காதே.

இங்கேதான் மண்ணின் முறை வருகிறது. நண்பரே, நான் சொல்ல வந்ததின் மையம் இதுதான்: உங்களுக்கு இடைக்காலம் மட்டும்தான் வேண்டும், உலகப்போரில் துளி அக்கறையும் இல்லை என்றாலும்கூட 1940-ஐ முதலில் ஒழுங்காகத் தோண்டியாக வேண்டும். ஏனென்றால் இடைக்கால மண்ணைக் கலைத்தவர்கள் அவர்கள். ஒரு சிப்பாய் ஐந்தடி ஆழக் குழி வெட்டும்போது மேல்மண் முதலில் வெளியே விழும், அடியில் இருந்த பதின்மூன்றாம் நூற்றாண்டுக் குப்பை அதன் மேல் விழும், இன்னும் அடியிலுள்ள ரோமானிய ஓட்டுத்துண்டு உச்சியில் போய் உட்காரும். பரணில் தேதிவாரியாக அடுக்கிய நாளிதழ்க் கட்டைத் தூக்கித் தலைகீழாகப் போட்டது போல. பின்னால் குழியை மூடும்போது அதே மண்ணை அள்ளிக் கொட்டுவார்கள், பாதி கலந்துவிடும். இது தெரியாமல் ஒருவர் வந்து தோண்டி, ‘இந்த ஆழத்தில் ரோமானிய ஓடு கிடைத்தது, எனவே இது ரோமானியத் தளம்’ என்று எழுதினால் முடிந்தது கதை. இடைக்காலத்தைப் பற்றிய முடிவுகள் அத்தனையும் கோணலாகிவிடும்.

குழியின் குறுக்குவெட்டு எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். நல்ல மண்ணாக இருந்தால் 1940-இன் வெட்டு கத்தி போட்டது போல் இருக்கும். சுவர் நேர்ச்செங்குத்து, அடி தட்டை, சில இடங்களில் மண்வெட்டி இறங்கிய தடம்கூடப் பதிந்திருக்கும். அடியில் விரல் கனத்துக்கு ஒரு கறுத்த, இறுகிய படலம். பூட்ஸ் கால்கள் மழைச் சேற்றை மிதித்துச் செய்தது. அதில் பெரும்பாலும் சிகரெட் டப்பாவின் துரு, தீக்குச்சி, ஒரு பொத்தான், இப்படி ஏதாவது சிக்கும். பக்கவாட்டில் அலை அலையாக ஓர் ஆரஞ்சு நிறக் கோடு ஓடினால் அது மண் சரியாமல் இருக்க வைத்த நெளிதகரம். தகரம் போய்விட்டது, துரு மட்டும் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. மணல் மூட்டைகள் மக்கிவிடும். ஆனால் அவசரத்தில் மணலுக்குப் பதில் சிமெண்ட் கலவையை மூட்டைகளில் அடைத்து அடுக்கியிருந்தால், மழை பட்டு மூட்டை அப்படியே கல்லாகியிருக்கும். சாக்கு போய்விட்டாலும் அதன் இழை பின்னல் சிமெண்டின் மேல் அச்சாக இருக்கும். வாய் கட்டிய முடிச்சின் சுருக்கம் உட்பட. ஆயிரம் வருடத்துச் சுவரின் பக்கத்தில் அதைப் பார்க்கும்போது எது பழசு எது புதுசு என்று ஒரு கணம் மறந்துபோகும்.

கிடைக்கும் பொருள்களில் அதிகம் பேசுவது வெற்றுத் தோட்டா உறைகள். பிரிட்டிஷ் .303 அங்குல உறையின் அடிப்பக்கத்தைக் கழுவிப் பார்த்தால் தயாரித்த ஆலையின் எழுத்தும், ஆண்டும், தோட்டாவின் வகையைக் குறிக்கும் ரோமன் எண் ஏழும் வட்டமாகப் பொறித்திருக்கும். இடைக்காலப் பானை ஓட்டுக்கு ஐம்பது வருட வித்தியாசத்தோடு தேதி சொல்லவே தடுமாறுபவனுக்கு, வருடமே அச்சடித்த பொருள் கையில் கிடைப்பது பெரிய சுகம். ஆனால் அந்தச் சுகத்தில் ஏமாறக் கூடாது. 1941 என்று இருந்தால் அந்த மண் 1941-க்கு முன்னால் விழுந்ததல்ல என்பது மட்டும் உறுதி. 1943-இல் சுட்டதாகவும் இருக்கலாம். 1917 என்றிருந்தால் முதல் உலகப்போர் என்று குதிக்கவும் கூடாது. பழைய கையிருப்பை இரண்டாம் போரில் பயிற்சிக்குக் கொடுத்தார்கள். உறையின் அளவும் ஒரு துப்பு. ஹோம் கார்டுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த துப்பாக்கிகள் .300 அளவு, தோட்டா மாறிவிடாமல் இருக்க மரக்கட்டையில் சிவப்புப் பட்டை அடித்திருந்தார்கள். ஆகவே .300 உறைகள் குவியலாக வந்தால் ஹோம் கார்டு நடமாட்டம் என்று ஊகிக்கலாம். அமெரிக்கர்களும் இருந்த இடத்தில் அந்த ஊகமும் ஆடத் தொடங்கும், அவர்களுடைய தோட்டாவும் அதே அளவுதானே.

போருக்குள்ளேயே காலம் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி. ‘இரண்டாம் உலகப்போர்’ என்று ஒரே அடுக்காகச் சொல்லிவிடுகிறோம், மண்ணில் அது ஒன்றல்ல. அயன்சைடின் திட்டம் நீளமான தடுப்புக் கோடுகள். 1940 ஜூலையில் அவர் இடத்துக்கு வந்த ஆலன் புரூக்குக்கு அதில் நம்பிக்கை இல்லை. நகரும் படையையும், சுற்றிலும் காத்துக்கொள்ளக்கூடிய முக்கியச் சந்திப்புகளையும்தான் அவர் நம்பினார். இந்த மாற்றம் தரையில் தெரியும். 1941-இலிருந்து ஹோம் கார்டுக்கு பிளாக்கர் பம்பார்டு என்ற டாங்கி எதிர்ப்பு ஆயுதம் வந்தது. அதை நிறுத்த, குழியின் நடுவே உருளையான ஒரு கான்கிரீட் தூண், அதன் தலையில் துருப்பிடிக்காத எஃகு முளை. மற்ற இரும்பெல்லாம் துருவாகி உதிர்ந்துகொண்டிருக்கும் குழியில், அந்த முளை மட்டும் மண்ணைத் துடைத்ததும் நேற்றுக் கடைந்தது போல மின்னும். அது ஒரு பழைய பதுங்குகுழியை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், 1940-இன் குழி கைவிடப்பட்டு, 1941-க்குப் பிறகு அதே இடத்துக்கு வேறு யோசனை வந்திருக்கிறது என்று காகிதம் இல்லாமலே சொல்லலாம். இரண்டு நிகழ்ச்சிக்கும் நடுவில் ஒன்றிரண்டு வருடம்தான் இருக்கும். இடைக்கால அகழாய்வில் இந்த நுணுக்கம் கனவில்கூடக் கிடைக்காது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும், இதைப் படித்துவிட்டு யாராவது மண்வெட்டியோடு கிளம்பினால் என்ன செய்வது? ஹோம் கார்டு கையில் இருந்த இன்னொரு ஆயுதம் 76-ஆம் எண் எறிகுண்டு. பார்க்க சோடா பாட்டில் மாதிரி, தகர மூடி போட்ட அரை பைண்ட் கண்ணாடி பாட்டில். உள்ளே வெண்பாஸ்பரஸ், பென்சீன், கொஞ்சம் தண்ணீர், ஒரு ரப்பர் துண்டு. உடைந்து காற்றுப் பட்டால் தானாகத் தீப்பிடிக்கும். வீட்டில் வைக்கப் பயந்து பெட்டி பெட்டியாக மண்ணில் புதைத்து வைத்தார்கள், சிலவற்றை எங்கே புதைத்தோம் என்பதைப் போர் முடிந்ததும் மறந்துபோனார்கள். இன்றும் கட்டட வேலைகளில் அவை வெளிவருகின்றன. அகழாய்வுக் குழியில் தகர மூடி போட்ட பாட்டில்கள் வரிசையாகத் தெரிந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கரணையைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து, காவல்துறை மூலம் ராணுவத்தின் வெடிகுண்டு அகற்றும் பிரிவைக் கூப்பிடுவது. அது மட்டுமல்ல, பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தில் அரசு அனுமதியின்றித் தோண்டுவதும் உலோகம் தேடும் கருவியை ஓட்டுவதும் 1979-ஆம் வருடச் சட்டப்படி அங்கே குற்றம்.

தோண்டாமலே கருவி வைத்துப் பார்க்கலாமே என்றும் கேட்பார்கள். பார்ப்போம், ஆனால் காந்தப்புல அளவீடு இந்த மாதிரி இடங்களில் கண்ணைக் கட்டிவிடும். முள்கம்பித் துண்டும், கம்பியைத் தாங்கிய முறுக்கு இரும்புக் கம்பங்களும், தகரமும் சிதறிக் கிடந்தால் திரை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி அடித்துவிடும். அடியிலுள்ள இடைக்காலச் சுவர் அந்தக் கூச்சலில் காணாமல் போய்விடும். மண்ணின் மின்தடையை அளக்கும் முறையும் தரை ஊடுருவும் ரேடாரும் ஓரளவு கைகொடுக்கும்.

இனி எது உறுதி, எது ஊகம் என்று பிரிக்கிறேன். ஒரு குழி இன்னொன்றை வெட்டியிருந்தால் வெட்டியது பிந்தியது. இது உறுதி, யார் வந்து வாதாடினாலும் மாறாது. பொருளில் அச்சடித்த ஆண்டுக்கு முன்னால் அந்த மண் விழவில்லை, இதுவும் உறுதி. யார் தோண்டினார்கள் என்பது பெரும்பாலும் ஊகம். நாட்குறிப்பும் மண்ணும் ஒன்றையே சொன்னால் நல்ல ஊகம், இல்லாவிட்டால் சுமாரான ஊகம். பொருளே இல்லாத வெறும் குழி இன்னும் மோசம். நேராக வெட்டிய ஒரு பள்ளம் முதல் போரின் பயிற்சிக் குழியா, இரண்டாம் போருடையதா, பழைய அகழாய்வாளர் ஒருவர் விட்டுப்போன குழியா என்று வடிவத்தை மட்டும் வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. கடைசியாகச் சொன்னதைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை. பெவன்சியில் 1852-இலிருந்து ஆட்கள் தோண்டியிருக்கிறார்கள். 1936 முதல் 1939 வரை ஃபிராங்க் காட்ரில் தோண்டினார், போர் வந்து நின்றது. அவர் தோண்டியதும் அதற்குப் பிறகு 1964 வரை நடந்ததும் முழு அறிக்கையாக வந்தது 2009-இல்தான். அகழாய்வாளர் குழி மூடி ஒரு வருடத்தில் சிப்பாய் குழி வெட்டத் தொடங்கிய இடத்தில் இரண்டையும் பிரித்தறிவது லேசுப்பட்டதல்ல.

குழியின் நோக்கத்தைப் பற்றி இன்னும் அடக்கமாகப் பேச வேண்டும். சுடுதுளை எந்தப் பக்கம் பார்க்கிறது, அதிலிருந்து எந்தச் சாலை தெரிகிறது என்று அளந்து சொல்லலாம். அங்கே இருந்தவன் பயந்தானா, அந்த இடம் தாங்கும் என்று நம்பினானா என்பது மண்ணில் இல்லை. அதற்கு நேரில் இருந்தவர்களின் வாய்மொழி வேண்டும். 1940-இல் பதினெட்டு வயதானவர் இன்று நூறைத் தாண்டியிருப்பார். இப்போது கிடைப்பவை அன்று சிறுவர்களாக வேலியோரம் நின்று பார்த்தவர்களின் நினைவுகள். அவற்றில் இடங்கள் பெரும்பாலும் சரியாக இருக்கும், வருடங்கள் குழம்பும். ‘கனடாக்காரர்கள் கட்டியது’ என்று ஊர் முழுக்கச் சொல்லும், ஆனால் கட்டும்போது கனடாக்காரர்கள் அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். பின்னால் வந்து தங்கி, பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தவர்கள் நினைவில் நின்றுவிடுவார்கள்.

மண்ணிலிருந்து வந்தது என்பதாலேயே எதையும் நம்பிவிடவும் கூடாது. இதற்கும் பெவன்சியே சாட்சி. 1907-இல் சார்லஸ் டாசன் என்பவர் பெவன்சியில் கிடைத்ததாகச் சில முத்திரை ஓடுகளைக் காட்டினார். ஹொனோரியஸ் பேரரசரின் பெயர் பொறித்தவை. ரோமானிய ஆட்சியின் கடைசிக் காலத்தில்கூடக் கோட்டையைப் பழுதுபார்த்தார்கள் என்பதற்கு அவை பல வருடம் ஆதாரமாக நின்றன. 1970-களில் சுட்ட மண்ணின் வயதைக் காணும் வெப்ப ஒளிர்வுச் சோதனையில் அவை இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சூளையில் சுட்டவை என்று தெரிந்தது. ஆம், பில்ட்டவுன் மண்டையோட்டு மோசடியில் அடிபடும் அதே டாசன்தான். எந்தப் பொருள் எந்த மண்ணில், எதற்கு மேல், எதற்குக் கீழ் கிடந்தது என்று படமும் பதிவும் இருக்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். 1940 குழியில் கிடந்த ரோமானிய ஓடு வெறும் ஓடு; கலையாத தளத்தில் பதிந்த அதே ஓடு ஆதாரம்.

மூன்றாவது கேள்வி: இடித்துவிடலாமே? போர் முடிந்ததும் பெவன்சியில் இதே யோசனை எழுந்தது. மேற்கு வாயிலின் வாயை அடைத்துக் கட்டியிருந்த டாங்கி எதிர்ப்பு அரணை அகற்றவும் செய்தார்கள். ஆனால் மற்றவற்றைக் கோட்டையின் கதையில் ஒரு பகுதியாக விட்டுவைப்பது என்று 1945-இல் முடிவானது. அந்தக் காலத்துக்கு அது அபூர்வமான முடிவு. ஏனென்றால் அதற்கு முந்தைய இருபது முப்பது வருடமாக பிரிட்டனில் அரசு கைக்கு வந்த கோட்டைகளில் நடந்தது நேர் எதிர். ‘பிற்காலத்துக் குப்பை’ என்று மேலடுக்குகளை வழித்தெடுத்து, இடைக்காலத் தளத்தை வெளியே காட்டி, சுற்றிலும் புல் வளர்த்தார்கள். பார்க்க அழகு. ஆனால் அப்படி வழித்த மண்ணில்தான் 1640-களின் உள்நாட்டுப் போரில் அந்தக் கோட்டைகளில் ஒளிந்திருந்தவர்கள் அவசரமாகப் போட்ட மண் அரண்களும், இடிந்து விழுந்த கூரைகளும், ஈயக் குண்டுகளும் இருந்தன. எத்தனை கோட்டைகளில் கடைசி முற்றுகையின் தடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் தள்ளுவண்டியில் ஏறிப் போனது என்பதற்குக் கணக்கே கிடையாது. அதை எடுத்தவர்கள் முட்டாள்கள் அல்ல. முந்நூறு வருடம் என்பது அவர்கள் கண்ணுக்கு ‘நேற்று’. எண்பது வருடம் நம் கண்ணுக்குத் தெரிவது போல.

பிரான்ஸ் கரையை ஒட்டிய ஜெர்சி தீவின் மான்ட் ஆர்கில் கோட்டையிலும் இதே நிலைமைதான், பக்கம் மட்டும் வேறு. அங்கே கண்காணிப்பு நிலைகளைச் சேர்த்தது ஆக்கிரமித்த ஜெர்மன் படை. அவர்களும் இடைக்காலச் சுவர் போலவே முகப்பு வைத்து மறைத்தார்கள். விரோதி கட்டியது என்பதற்காக அதை இடிக்கவில்லை.

என் சொந்தக் கருத்து, எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டும் என்பதல்ல. ஒரு நியாயமான சிக்கல் இருக்கிறது: சிமெண்ட். பழைய சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன் மேல் கெட்டிச் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பழைய கல்லுக்குள் போய் நிற்கும். பனிக்காலத்தில் உறைந்து கல்லின் முகத்தைச் செதில் செதிலாக உரித்துவிடும். இடைக்காலச் சுவரை இப்படித் தின்றுகொண்டிருக்கும் சிமெண்ட் ஒட்டு இருந்தால், அளந்து, படம் எடுத்து, பதிவு செய்துவிட்டு அதை எடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அது பாதுகாப்புப் பொறியாளரும் தொல்லியலாளரும் அந்தந்தச் சுவரின் முன்னால் நின்று முடிவு செய்ய வேண்டிய விஷயம். ‘அழகாக இல்லை’ என்பதும் ‘புதுசு’ என்பதும் மட்டும் காரணமாகக் கூடாது. எடுத்துவிட்டால் அடியில் 1939-இன் கோட்டை வருமே தவிர 1250-இன் கோட்டை வராது. 1925-இல் அரசு கைக்கு வந்த பிறகு சீர்செய்த சுவர் அது. அதைப் போய் அசல் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அந்தப் பக்கம் போகும் வாய்ப்பு வந்தால் ஈஸ்ட்போர்னிலிருந்து பெவன்சி பக்கம்தான். வெளிமதிலுக்குள் போய், உள்கோட்டையில் மூலக் கோபுரத்தின் கல்குவியலுக்கு முன்னால் நின்று, பலகையைப் படிப்பதற்கு முன் அந்த நேரான பிளவைத் தேடிப் பாருங்கள். காலை வெயிலைவிடச் சாய்ந்த மாலை வெயிலில் எளிதாகத் தெரியும். அப்புறம் கோபுரங்களுக்குள் எட்டிப் பார்த்து, கல் எங்கே முடிகிறது செங்கல் எங்கே தொடங்குகிறது என்று கவனியுங்கள். வேறு கோட்டை எதையாவது மனதில் வைத்துக் கேட்டிருந்தால் பெயரைச் சொல்லுங்கள், அங்கே நடந்த அகழாய்வைப் பற்றித் தெரிந்திருந்தால் எழுதுகிறேன்.